வெப்பம் தானே போட்டுக்கொள்ளும் தடை

சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் குழாய்களுக்கு வெப்பக்காப்புக் கணக்குப் போடுவது என் வேலை. குழாய்க்குள்ளே மைனஸ் 162 டிகிரியில் கொதிக்கிற திரவ இயற்கை எரிவாயு, வெளியே நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றும். நடுவில் எத்தனை மில்லிமீட்டர் நுரைக்காப்பு சுற்றினால் மேல்தகடு வியர்க்காமல் இருக்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வேலை முழுக்க ஓர் எண்ணைச் சுற்றித்தான் நடக்கும், பொருளின் வெப்பக் கடத்துதிறன். செம்புக்கு 400, துருப்பிடிக்காத எஃகுக்குச் சுமார் 16, நல்ல நுரைக்காப்புக்கு 0.02 பக்கம். எல்லாமே ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற கணக்கு. அந்த எண்ணோடு வெப்பநிலைச் சரிவை (ஒரு மீட்டருக்கு எத்தனை டிகிரி இறங்குகிறது என்பதை) பெருக்கினால் எவ்வளவு வெப்பம் போகிறது என்று தெரிந்துவிடும். ஃபூரியே 1822-ல் எழுதிவைத்த விதி, நான் தொட்ட குழாய் எதிலும் அது பொய்த்ததில்லை.

அந்த எண் பொருளுக்குச் சொந்தமானது என்றுதான் எல்லோரும் படித்தோம். செம்பு என்றால் செம்பின் எண், அதன் வழியாகக் கொஞ்சம் வெப்பம் போனாலும் நிறைய போனாலும் அதே எண். ஆனால் பிரபஞ்சத்தில் உள்ள சாதாரணப் பொருளில் பெரும்பகுதி திடமுமில்லை, திரவமுமில்லை, பிளாஸ்மா, அதாவது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று தனியாகத் திரியும் வாயு. நன்றாகச் சூடேறி நன்றாக மெலிந்துபோன பிளாஸ்மாவில் இந்த எண் பொருளுக்குச் சொந்தமானதாக இருப்பதில்லை. போகிற வெப்பமே அந்த எண்ணை மாற்றிவிடுகிறது. கொஞ்சம் வருடங்களாக வேலை முடிந்து வந்தால் எனக்கு இதைத்தான் படிக்கத் தோன்றுகிறது. தமிழில் இதைப் பற்றி யாரும் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பாடப்புத்தகக் கணக்கு. பிளாஸ்மாவில் வெப்பத்தைச் சுமப்பது எலெக்ட்ரான். புரோட்டானும் அதே வெப்பநிலையில் இருக்கலாம், ஆனால் அது 1836 மடங்கு கனம், அதனால் அதே சூட்டில் ஏறக்குறைய 43 மடங்கு மெதுவாக நகரும். எலெக்ட்ரான்கள் சூடான பக்கத்திலிருந்து ஓடிவந்து, வழியில் மற்ற எலெக்ட்ரான்களோடும் அயனிகளோடும் மோதி, ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போகின்றன. லைமன் ஸ்பிட்சரும் ரிச்சர்ட் ஹார்மும் 1953-ல் இந்த மோதல்களைக் கணக்கில் எடுத்து ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அதில் இரண்டு விஷயங்கள் குழாய்க்காரனான என்னை உட்காரவைத்துவிட்டன.

ஒன்று, கடத்துதிறன் அடர்த்தியைப் பொறுத்ததே அல்ல (ஒரு மடக்கைக்குள் ஒளிந்திருக்கும் சின்ன விளைவை விட்டுவிடுங்கள்). எலெக்ட்ரான் எண்ணிக்கை பாதியானால் சுமப்பவர்கள் பாதி, ஆனால் மோதாமல் போகும் தூரம் இரட்டிப்பு, சரிக்குச் சரியாகிவிடுகிறது. இரண்டு, அது வெப்பநிலையின் 5/2 அடுக்காக ஏறும். வெப்பநிலை நான்கு மடங்கானால் கடத்துதிறன் 32 மடங்கு. சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் வெப்பநிலை ஒரு மில்லியன் டிகிரி, அங்கே இந்த எண் சுமார் 10,000, செம்பைப் போல் 25 மடங்கு. விண்மீன்திரள் கொத்துகளுக்குள் நிரம்பியிருக்கும் 100 மில்லியன் டிகிரி வாயுவுக்கு அது அரை பில்லியன் பக்கம். செம்பைவிட ஒரு மில்லியன் மடங்குக்கும் மேல்! இத்தனைக்கும் அந்த வாயு ஒரு கனமீட்டருக்கு ஆயிரம் எலெக்ட்ரான் என்ற அளவுக்கு மெலிந்தது. நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு ஒன்றை அதனால் நிரப்பினால் மொத்தமே இரண்டு லட்சத்துச் சொச்சம் எலெக்ட்ரான்தான் இருக்கும். நாம் ஆய்வகத்தில் வெற்றிடம் என்று சொல்வதெல்லாம் இதன் முன்னால் சந்தைக்கூட்டம்.

அப்படியென்றால் அந்தக் கொத்துகளில் சூடான பகுதியும் குளிர்ந்த பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவே கூடாது, வெப்பம் விறுவிறுவென்று பாய்ந்து எல்லாம் சமமாகியிருக்க வேண்டும். 1999-ல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி அனுப்பிய படங்களில் நேர்மாறாகத் தெரிந்தது. ஏபல் 2142 என்ற கொத்தில் வெப்பநிலை ஒரு கோட்டைத் தாண்டியதும் சட்டென்று ஏறுகிறது, கத்தியால் வெட்டியதுபோல். அந்த எல்லை அழியாமல் இருக்கவேண்டுமென்றால் அதன் குறுக்கே வெப்பக் கடத்தல் ஸ்பிட்சர் சொன்னதைவிடக் குறைந்தது 250 மடங்கு குறைந்திருக்க வேண்டும் என்று வானியலாளர்கள் எட்டோரியும் ஃபேபியனும் 2000-ல் கணக்கிட்டார்கள்.

இதில் ஒரு பகுதிக்குப் பதில் எளிது. அங்கே காந்தப்புலம் இருக்கிறது. மிக மெல்லியது, மைக்ரோகாஸ் அளவு, பூமியின் காந்தப்புலத்தில் பல லட்சத்தில் ஒரு பங்கு. ஆனாலும் எலெக்ட்ரானைப் புலக்கோட்டைச் சுற்றவைக்க அது போதும், சுற்றும் ஆரம் இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர்தான். மோதல்களுக்கு இடையே அது ஓடக்கூடிய தூரமோ ஆயிரக்கணக்கான ஒளியாண்டு. ஆகவே வெப்பம் புலக்கோட்டின் வழியாகத்தான் போகும், குறுக்கே ஏறக்குறைய போகவே போகாது. ஏபல் 2142 போன்ற எல்லைகளில் புலக்கோடுகள் எல்லையோடு ஒட்டிப் போர்த்திக் கிடப்பதால் குறுக்கே தடை, புரிகிறது. கோடுகள் கன்னாபின்னாவென்று சிக்கிக் கிடந்தால்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படித்து இன்று ஹார்வர்டில் இருக்கும் ரமேஷ் நாராயண், மெத்வதேவோடு சேர்ந்து 2001-ல் காட்டியது, சிக்கலான கொந்தளிப்புப் புலத்திலும் ஸ்பிட்சர் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு தப்பிவிடும் என்று. அதாவது கோடு எங்கே வளைந்து போனாலும், கோட்டின் வழியே எலெக்ட்ரான் சுதந்திரமாக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால் வடிவியல் மட்டும் வெப்பத்தை முழுதாக நிறுத்தாது.

அந்த “சுதந்திரமாக ஓடுகிறது” என்ற இடத்தில்தான் எனக்குப் பிடித்த கதை ஆரம்பிக்கிறது.

ஜனவரி கடைசியில் இரவு எட்டு மணிக்கு சிங்கப்பூரில் நின்று நேர் வடக்கே பார்த்தால், அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி உயரத்தில் பெர்சியஸ் விண்மீன் குழு நிற்கும். தைப்பூசக் காலத்து வானம். நம் ஊர் விளக்கு வெளிச்சத்தில் அதன் பிரகாசமான இரண்டு மூன்று நட்சத்திரங்கள்தான் தெரியும். அந்தத் திசையில், சுமார் 240 மில்லியன் ஒளியாண்டுக்கு அப்பால் பெர்சியஸ் கொத்து இருக்கிறது, எக்ஸ்-கதிரில் நமக்கு மிகப் பிரகாசமாகத் தெரியும் கொத்து அதுதான். எங்கள் புளோக்குக்குப் பக்கத்திலிருக்கும் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் நின்று, தொடக்கக்கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் எதையும் சும்மா விடமாட்டாள்.

“மோதுறதுக்குத்தான் அங்க ஒண்ணுமே இல்லையே சித்தப்பா. அப்புறம் அந்த எலெக்ட்ரான யாரு நிறுத்துறது?”

“ஒண்ணு தனியா ஓடுனா யாரும் நிறுத்த மாட்டாங்க. கூட்டமா ஒரே பக்கம் ஓடுறதுதான் பிரச்சினை. கூட்டமா ஓடும்போது காந்தப்புலத்துல அலை கிளம்பும். அந்த அலைதான் நிறுத்துது.”

“அப்போ அலைய கிளப்புறதும் அதுங்கதான், மாட்டிக்கிறதும் அதுங்கதானா?”

அதேதான். அதை இன்னும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

வெப்பம் பாய்கிறது என்றால் என்ன அர்த்தம்? மின்சாரம் பாயவில்லை, மொத்த மின்னோட்டம் பூஜ்யம். சூடான பக்கத்திலிருந்து வேகமான எலெக்ட்ரான்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் வருகின்றன, அதை ஈடுகட்ட மெதுவான எலெக்ட்ரான்கள் நிறைய அந்தப் பக்கம் நகர்கின்றன. எண்ணிக்கை சமம், ஆனால் வேகமானவை அதிக ஆற்றல் சுமப்பதால் நிகரமாக வெப்பம் போகிறது. ஆக, வெப்ப ஓட்டம் என்றாலே எலெக்ட்ரான்களின் வேகப் பங்கீடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு வெப்பமோ அவ்வளவு சாய்வு.

இதில் வேகமான எலெக்ட்ரான்களின் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மின்விசை மோதலில் வேகம் கூடக்கூட மோதல் குறையும், மோதாமல் போகும் தூரம் வேகத்தின் நான்காம் அடுக்காக நீளும். சராசரியைவிட மூன்று மடங்கு வேகமான எலெக்ட்ரான் 81 மடங்கு தூரம் தடையில்லாமல் போகும். வெப்பத்தைப் பெரும்பாலும் சுமப்பது இந்த மாதிரி ஆட்கள்தான். அதனால் சராசரி எலெக்ட்ரானுக்கு மோதல் தாராளமாக இருக்கும் இடத்திலும் சுமைதூக்கிகளுக்கு மோதலே இல்லாமல் போகலாம். ஸ்பிட்சர் சூத்திரம் முதலில் உடைவது இங்கேதான், நிலையின்மை எதுவும் வருவதற்கு முன்பே.

இனி நிலையின்மை. சாய்ந்திருக்கும் பங்கீடு என்பது பயன்படுத்தப்படாமல் கிடக்கும் ஆற்றல். பிளாஸ்மாவில் எந்நேரமும் ஏதாவது சின்ன அலை அசைந்துகொண்டே இருக்கும். அதில் ஒன்று சரியான வேகத்திலும் அலைநீளத்திலும் அமைந்துவிட்டால் சாய்வில் கிடக்கும் ஆற்றலை எடுத்துக்கொண்டு வளரும், வளர்ந்தால் இன்னும் அதிகமாக எடுக்கும். இதுதான் நிலையின்மை. லேசர் அடித்துச் சூடாக்கும் பிளாஸ்மாவில் இதன் ஒரு வகை வரும். திரும்பி ஓடும் மெதுவான எலெக்ட்ரான்களின் நகர்வு, அயனி ஒலி வேகத்தைத் தாண்டிவிட்டால் அயனி ஒலி அலைகள் கிளம்பும். எலெக்ட்ரான் அயனியைவிட நன்றாகச் சூடாக இருந்தால்தான் அது நடக்கும், இல்லையென்றால் அயனிகளே அலையை விழுங்கிவிடும். விண்வெளியில் முக்கியமான ஆள் வேறு, விஸ்லர் அலை.

விஸ்லரின் வரலாறு மின்னலில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்ட கருவிகளில் மேலிருந்து கீழாக இறங்கும் விசில் சத்தம் கேட்டதை ஜெர்மன் இயற்பியலாளர் பார்க்ஹவுசன் 1919-ல் பதிவு செய்தார். மின்னல் வெட்டும்போது எழும் ரேடியோ அலை பூமியின் புலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு மறு அரைக்கோளம் வரை போகிறது, வழியில் உயர்ந்த அதிர்வெண் முந்திக்கொண்டும் தாழ்ந்தது பிந்தியும் வருகிறது, அதனால் அந்த இறங்கும் விசில் என்று ஸ்டோரி என்ற ஆய்வாளர் விளக்கியது 1953-ல். ஸ்பிட்சர்–ஹார்ம் சூத்திரம் வந்த அதே வருடம்! மோதலால் வெப்பம் எப்படிப் போகும் என்ற கணக்கும், மோதல் இல்லாத இடத்தில் அந்த வெப்பத்தைப் பிடித்து நிறுத்தப்போகும் அலையின் விளக்கமும் ஒரே வருடத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் அச்சாகியிருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப் பல வருடம் பிடித்தது. (சிங்கப்பூரில் மின்னலுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் நாம் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் விஸ்லர் கேட்பது அரிது, நடுத்தர அட்சரேகைகளில்தான் நன்றாகக் கேட்கும்.)

விஸ்லர் அலையின் காந்தப்புலம் எலெக்ட்ரான் சுற்றும் அதே திசையில் சுற்றும். அதனால் எலெக்ட்ரானின் சுழற்சியும் அலையின் சுழற்சியும் பொருந்திவரும் தருணம் வரும்போது, அலை அந்த எலெக்ட்ரானை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கமாகத் தள்ளும். எலெக்ட்ரானின் வேகம் பெரிதாகக் குறையாது, ஆனால் திசை மாறிவிடும். புலக்கோட்டின் வழியே நேராக ஓடிக்கொண்டிருந்தது அகலமாகச் சுற்ற ஆரம்பிக்கும், கடைசியில் திரும்பி வந்த வழியே கூடப் போகும். ஒரு நுணுக்கம்: அலை புலக்கோட்டுக்கு நேராகப் போனால் வெப்பம் சுமக்கும் எலெக்ட்ரான்களை அதனால் சரியாகப் பிடிக்க முடியாது, எதிர்ப்பக்கம் போகிறவற்றோடுதான் அது பொருந்தும். சாய்வாகப் போகும் விஸ்லர்கள்தான் சுமைதூக்கிகளைப் பிடிக்கும். 2018-ல் ராபர்க்-கிளார்க் குழுவும் கொமரோவ் குழுவும் தனித்தனியாகக் கணினியில் இதைச் செய்து பார்த்தபோது சாய்ந்த விஸ்லர்கள்தான் பெரிதாக வளர்ந்து வேலையைச் செய்தன.

இதன் விளைவுதான் எனக்கு இன்றுவரை வியப்பு. அலைகள் போதுமான அளவு வளர்ந்துவிட்டால், எலெக்ட்ரான்கள் அலையோடு சேர்ந்து நகரும் ஒருவரின் பார்வையில் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவிவிடுகின்றன. அப்புறம் வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகும்? அலை போகும் வேகத்தில்தான். விஸ்லரின் வேகம் எலெக்ட்ரானின் வெப்ப வேகத்தை பீட்டா என்ற எண்ணால் வகுத்தால் வருவது. பீட்டா என்றால் வாயு அழுத்தத்துக்கும் காந்தப்புல அழுத்தத்துக்கும் உள்ள விகிதம், கொத்துகளில் அது 100 அளவு. ஆக, எந்தத் தடையும் இல்லாவிட்டால் எலெக்ட்ரான்கள் சுமந்திருக்கக்கூடிய வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கு பக்கம்தான் போகும்.

இந்தக் கணக்கில் வெப்பநிலைச் சரிவு எங்கே? இல்லவே இல்லை. சரிவை இரட்டிப்பாக்கினால் அலைகள் இன்னும் வலுவாக வளர்ந்து, சிதறலை அதற்கேற்ப அதிகரித்து, வெப்ப ஓட்டத்தை அதே இடத்தில் பிடித்து வைக்கின்றன. “வித்தியாசம் ரெண்டு மடங்கானா வெப்பமும் ரெண்டு மடங்குன்னுதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க” என்றாள் அண்ணன் மகள். குழாய்க்கு அதுதான் சரி. இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இது அதைவிட விசித்திரம். பீட்டா பெரிதானால் வெப்பம் குறையும், காந்தப்புலம் பலவீனமானால்தான் பீட்டா பெரிதாகும். அப்படியானால் காந்தப்புலம் எவ்வளவு பலவீனமோ வெப்பம் அவ்வளவு அடைபடும். நம் உள்ளுணர்வு நேர்மாறாகச் சொல்லும், புலம் மெல்லியது, அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம் என்று. எலெக்ட்ரானைச் சுற்றவைக்க முடிகிற வரைக்கும் மெல்லிய புலம்தான் பொல்லாதது, ஏனென்றால் அதில் அலை மெதுவாக நகரும், வெப்பமும் அதோடு சேர்ந்து மெதுவாக நகரும்.

சரி, இது உண்மையிலேயே நடக்கிறதா? கொத்துக்குள் போய் எலெக்ட்ரானை எண்ண முடியாது. சூரியனிலிருந்து ஓயாமல் வெளியே வீசும் பிளாஸ்மாவான சூரியக் காற்றில் முடியும். பூமியருகே அதில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்து பத்து எலெக்ட்ரான்கள், ஒரு லட்சம் டிகிரிக்கு மேல் சூடு, மோதாமல் போகும் தூரம் ஏறக்குறைய சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரமே. அங்கே வெப்பத்தைச் சுமப்பதில் பெரும்பங்கு புலக்கோட்டோடு ஒட்டி வரும் ஒரு குறுகலான எலெக்ட்ரான் கற்றைக்கு, ஸ்ட்ரால் என்பார்கள். சூரியனை விட்டு விலக விலகப் புலம் மெலிவதால் இந்தக் கற்றை இன்னும் இன்னும் குறுகி, பூமியருகே ஒரு டிகிரி அளவில் வந்து நிற்க வேண்டும். அளந்தால் பல டிகிரி, சில சமயம் பத்துக்கணக்கில். எழுபதுகளில் போன ஹீலியோஸ் விண்கலங்கள் முதல் யுலிசிஸ் வரை கொடுத்த அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தால், தூரம் போகப்போக ஸ்ட்ரால் தேய்கிறது, சுற்றிலும் பரவிய ஒளிவட்டம் போன்ற எலெக்ட்ரான் கூட்டம் வளர்கிறது. யாரோ கற்றையைச் சிதறடிக்கிறார்கள், விஸ்லர்தான் முதல் சந்தேகம்.

ஆனால் சூரியனை மிக நெருங்கிப் போய் அளக்க 2018-ல் கிளம்பிய பார்க்கர் கலம் கதையைக் கொஞ்சம் சிக்கலாக்கியது. சூரிய ஆரத்தைப் போல் சுமார் 28 மடங்குக்கு உள்ளே போனால் விஸ்லர்கள் கிட்டத்தட்டக் காணவே இல்லை என்று 2022-ல் அந்தக் குழுவில் சிலர் அறிவித்தார்கள். அந்தப் பகுதியில் வெப்ப ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது விஸ்லராக இருக்க முடியாது. இதைப் படித்ததும் சிலர் விஸ்லர் கதையே முடிந்தது என்பதுபோல் பேசினார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூரியனுக்குப் பக்கத்தில் பீட்டா சிறியது, புலம் வலுவானது, விஸ்லர் வேகமாக ஓடக்கூடிய இடம் அது. வரம்பு அங்கே உயரமாக இருப்பதால் வெப்ப ஓட்டம் அதைத் தொடாமலே போகலாம். அலை இல்லாத இடத்தையும் இருக்கும் இடத்தையும் ஒரே கலம் கடந்துபோய்ப் பார்ப்பது இந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம்.

லேசர் இணைவு ஆட்கள் (லேசரால் சூடாக்கி அணுக்கருக்களை இணைக்கப் பார்ப்பவர்கள்) இந்தப் பிரச்சினையை எழுபதுகளிலேயே சந்தித்தார்கள். 1975 வாக்கில் அவர்களுடைய கணினி நிரல்களை ஆய்வக முடிவுகளோடு பொருத்த, எலெக்ட்ரான் வெப்ப ஓட்டத்தைத் தடையற்ற அளவில் 3 சதவீதத்துக்கு மேல் போகவிடாமல் கையால் ஒரு கடிவாளம் போட வேண்டியிருந்தது. ஏன் 3 சதவீதம் என்பதற்கு அயனி ஒலி அலை, லேசரே உண்டாக்கும் காந்தப்புலம், தூரத்திலிருந்து ஓடிவரும் வேக எலெக்ட்ரான்கள் என்று பல விளக்கங்கள் வந்தன. எல்லாவற்றையும் நிலையின்மையின் தலையில் கட்டுவது தப்பு, அந்த 81 மடங்கு தூரம் ஓடும் எலெக்ட்ரான்களே நிறைய விளக்கிவிடுகின்றன. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர்களைக் கொண்ட என்ஐஎஃப் வளாகத்தில், கொத்து வாயுவைப் போலக் கொந்தளிக்கும் பிளாஸ்மாவைச் செய்து பார்த்தார்கள், முடிவு 2022-ல் வெளிவந்தது. சூடான புள்ளிகள் கரையாமல் நின்றன, வெப்பக் கடத்தல் நூறு மடங்கும் அதற்கு மேலும் குறைந்திருந்தது. அதில் சிக்கிய காந்தப்புலத்தின் பங்கு எவ்வளவு, அலைகளின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம் என்பது என் வாசிப்பு.

இதெல்லாம் எதற்கு முக்கியம் என்றால், பெர்சியஸ் போன்ற கொத்துகளின் நடுவில் வாயு எக்ஸ்-கதிராக ஆற்றலை இழந்துகொண்டே இருக்கிறது. அது குளிர்ந்து, சுருங்கி, நட்சத்திரங்களாகக் கொட்டியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு நடக்கவில்லை. வெளியேயுள்ள சூடான வாயுவிலிருந்து கடத்தல் வழியாக உள்ளே வெப்பம் வந்து ஈடுகட்டுகிறதா, அல்லது நடுவிலிருக்கும் கருந்துளைதான் முழுச் செலவையும் ஏற்கிறதா? கடத்தல் எவ்வளவு என்று தெரியாமல் கருந்துளையின் பங்கைச் சொல்ல முடியாது.

விஸ்லர் வரம்பு எப்போது கடிக்கும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. மோதாமல் போகும் தூரத்தை வெப்பநிலை மாறும் தூரத்தால் வகுத்து, பீட்டாவால் பெருக்கினால் ஒன்றைத் தாண்ட வேண்டும். கொத்தின் மையப் பகுதியில் முதல் தூரம் 2,000 ஒளியாண்டு அளவு, இரண்டாவது ஒரு லட்சம் ஒளியாண்டு என்று வைத்தால் விடை இரண்டு. வரம்பின் விளிம்பில் நிற்கிறது, கடத்தல் குறையும், ஆனால் செத்துவிடாது. வெளிப் பகுதியில் வாயு மெலிந்து சூடேறிவிடுவதால் மோதாமல் போகும் தூரம் 75,000 ஒளியாண்டு வரை நீளும், அங்கே ஸ்பிட்சர் சூத்திரம் சொல்வதை நம்பவே கூடாது. ஆனால் இரண்டாயிரம் கிலோமீட்டர் அளவிலான அலையையும் மில்லியன் ஒளியாண்டுக் கொத்தையும் ஒரே கணினி மாதிரியில் வைக்க எந்தக் கணினியாலும் முடியாது. அதனால் சின்ன அளவில் கண்டுபிடித்த, பீட்டாவால் வகுக்கும் விதியைச் சூத்திரமாக எழுதி, பெரிய மாதிரிக்குள் ஸ்பிட்சரோடு சேர்த்து நுழைக்கிறார்கள். எனக்கு இதுதான் சரியான வழியாகப் படுகிறது. அந்தச் சூத்திரம் தேறுமா என்று சோதிக்கத் தகுந்த இடம் கொத்துகளின் வெளி விளிம்புதான், அங்கே வாயு மிகவும் மெலிந்து எக்ஸ்-கதிர் மங்கிவிடுவதால் வெப்பநிலையை அவ்வளவு நுணுக்கமாக அளக்க இன்னும் பெரிய தொலைநோக்கிகள் வேண்டும்.